அக்காவின் வெளிநடப்பு

– செருப்பக்கூடக் கழட்டாமக் கத்தாதடா. இங்க பக்கத்து வீடெல்லாம் எம்.பி.ங்க, கேக்கும். உக்காரு, டீ போடுறேன்.

– டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம்க்கா. அந்தப் பொறியாளர் பணித் தீர்மானத்த எதுத்து ஓட்டுப் போடுறேன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னே. நேத்து டிவியில பாத்தா, உங்க கட்சி மொத்தமும் மாநிலங்களவையிலேருந்து கோஷம் போட்டுட்டு வெளிய வருது. முன்னால நீ.

– எதிர்ப்பத்தானேடா காட்டினோம்.

– என்ன எதிர்ப்பு? தீர்மானம் பாஸாயிருச்சு. சபையில உக்காந்து ஓட்டுப் போடுறவங்கள்லதான் மூணுல ரெண்டு பங்கு வேணும். எதுக்கிறவங்க எழுந்து போயிட்டா மிச்சம் யாரு? ஆமா போடுறவன்தான். நீங்க பேசாம உக்காந்து பொத்தான அமுக்கியிருந்தாலே தோத்திருக்கும். எங்க பொறியாளர் சங்கத்துல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க.

– எங்க தலைவரப் பத்தித் தெரியாதா? கேமரா எங்க நிக்குதோ அங்கதான் அவருக்குச் சபை. அவர் எழுந்தாரு, நடந்தோம்.

– மாநிலத்துக்குன்னு போனவதானே நீ? ஐ.ஏ.எஸ். மாதிரி நாடு முழுக்க ஒரே பொறியாளர் பணின்னு கீழ்ச்சபை தலைகீழா நின்னாலும் தானாக் கொண்டுவர முடியாது. மாநிலங்களோட சபை நீங்க. நீங்க தேவைன்னு சொன்னாத்தான் சட்டமே போட முடியும். அந்தப் பூட்ட உங்ககிட்டக் குடுத்து வச்சா, திறந்து போட்டுட்டு ஊர்வலம் போயிருக்கீங்க.

– சர்க்கரை போடவா?

– வயித்தெரிச்சலக் கிளப்பாதக்கா. அடுத்த தலைமைப் பொறியாளர் நான்தான். இத்தன வருஷம் வெயில்லயும் மண்ணுலயும் கிடந்திருக்கேன். இனி எங்கேயோ பரீட்ச எழுதின பொடியன் வந்து அந்த நாற்காலியில உக்காருவான். நான் அவனுக்கு சார் போடணும்.

– அந்தப் பொடியன் வேலை டெல்லி கையில. நம்ம ஊர் மந்திரி நினைச்சபடி அவனத் தூக்கியடிக்க முடியாதுல்ல.

– அதனால?

– ஊர்லேருந்து ஏர்போர்ட்டுக்கு நீ எந்த வழியா வந்தே?

– என்ன கேள்வி இது. மலைப்பாதை வழியா.

– புது ஆத்துப் பாலத்துல வந்தா பாதி நேரம் மிச்சமாச்சே.

– பேச்ச மாத்தாத.

– உன் பொண்டாட்டியும் அந்தப் பாலத்துல ஏறுறதில்ல. பிள்ளைங்களையும் விடுறதில்ல. அவளே எங்கிட்ட அழுதுட்டுச் சொன்னா.

– கம்பி குறைச்சல், கையெழுத்துப் போட மாட்டேன்னுதான் நின்னேன். கிடங்குக்கு மாத்திப் போட்டாங்க. அப்புறம் மலைமேல. அப்புறம் மந்திரி ஆள் வீட்டுக்கே வந்தான். எத்தன தடவ பெட்டியக் கட்டுறது? கையெழுத்தப் போட்டுட்டேன். என் இடத்துல யாரா இருந்தாலும் போட்டிருப்பான்.

– அதுல தினமும் பஸ் ஓடுதுடா.

– தெரியும்க்கா. தெரிஞ்சுதான் தூக்கம் வரல.

– எனக்கும் வரல.

– சரி, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? என்னோட நாற்காலி போச்சேன்னு நான் வெந்துக்கிட்டிருக்கேன். வெளிநடப்புன்னு உங்க தலைவர் காதுல ஓதுன முட்டாள் யாரு? பேரச் சொல்லு, இப்பவே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்.

– எங்கேயும் போக வேணாம், இங்கயே கேளு. ஓதுனது நான்தான்.