ஏறும் பக்கம்: டாக்டர் வெர்னா மேகர்ட் அவர்களுக்கு

தொட்ட மாத்திரத்தில் துன்பத்தின் தடம் அறிந்த தூயவரே! கை வைத்த கணத்திலேயே கலக்கம் களைந்த கண்ணியரே! குதிரைக் குளம்புக்கு லாடம் அடித்த கரத்தாலேயே குழந்தைகளின் முதுகை நீவிக் குணப்படுத்திய கோமகளே! கென்டக்கி மலைநாட்டின் மங்காத மாணிக்கமே! ஹேலர்ஸ் க்ரீக் மருத்துவமனையின் மூத்த மருத்துவரே! எங்கள் வெர்னா அம்மையாரே! வணக்கம்.

இதுவரை படித்தது வரவேற்பு மேஜையில் இருக்கும் ட்வைலா காம்ப்ஸின் கைவண்ணம். "டாக்டர் ராட்லிஃப், நீங்க எழுதினா மருந்துச் சீட்டு மாதிரிதான் இருக்கும். ஆரம்பமாவது ஜோரா இருக்கட்டும்" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டார். இனி வருவது, தங்களோடு கல்லூரியில் படித்து இங்கேயும் வேலை செய்த டாயல் ராட்லிஃப் ஆகிய நான், எல்லா ஊழியர்கள் சார்பிலும் எழுதியது.

அம்மையீர்! இருபத்துநான்கு ஆண்டுகள் இங்கே பணியாற்றித் தாங்கள் இன்று ஓய்வு பெறுகிறீர்கள். பிரசவம் பார்த்தீர்கள், சர்க்கரை பார்த்தீர்கள், சுரங்கத் தூசி அடைத்த நெஞ்சுகளைப் பார்த்தீர்கள், டிராக்டர் ஏறிய கால்களைப் பார்த்தீர்கள். அப்படியிருந்தும் தொலைபேசியில் ஒரே கேள்வி ஓயவே இல்லை. "அந்தம்மா நெசமான டாக்டரா, இல்ல எலும்பு புடிச்சு விடறவங்களா?" ட்வைலாவும் சளைக்காமல் ஒரே பதிலைத்தான் சொன்னார். "நெசமான டாக்டர்தாங்க. மாத்திரையும் எழுதுவாங்க, ஊசியும் போடுவாங்க, எலும்பும் புடிப்பாங்க. உங்களுக்கு எது வேணும், சொல்லுங்க."

ஆஸ்டியோபதி மருத்துவம் படித்தவர்களுக்கு இது பழகிப்போனது. மற்ற மருத்துவர்கள் படிக்கும் அத்தனையையும் நாங்களும் நான்கு ஆண்டுகள் படிக்கிறோம். அதற்கு மேல் இருநூறு மணி நேரம், ஒருவரை ஒருவர் மேஜையில் படுக்க வைத்து, கையாலேயே உடம்பை வாசிக்கப் பழகுகிறோம். பெயருக்குப் பின்னால் போடும் எழுத்து வேறாக இருப்பதால் வாழ்நாள் முழுக்க விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

தாங்கள் அந்தக் கல்லூரிக்கு வந்தபோது தங்களுக்கு வயது நாற்பத்தொன்று, எனக்கு இருபத்துமூன்று. பதினெட்டு ஆண்டுகள் குதிரைகளுக்கு லாடம் அடித்துவிட்டு, பட்டறைக்கல்லையும் வண்டியையும் விற்றுவிட்டு வந்திருந்தீர்கள். திரும்பிப் போகத் தொழில் இல்லை. முதல் வாரம் தொலைபேசிப் புத்தகத்தின் தாளுக்கு அடியில் ஒரு தலைமுடியை வைத்து, அது எங்கே கிடக்கிறது என்று விரல் நுனியால் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நாங்கள் மூன்று தாளுக்கே திணறினோம். தாங்கள் பதினைந்து தாளுக்குக் கீழே கண்டுபிடித்தீர்கள். "குதிரை வால் முடிய வெச்சு ஏமாத்துறாங்க" என்று பின்வரிசையில் கத்தினார்கள். தாங்கள் சிரித்துக்கொண்டே தங்கள் நரைமுடி ஒன்றைப் பிடுங்கி நீட்டினீர்கள்.

மேஜையில் நாம் இருவரும் ஜோடி. முதல் நாளே என் இரண்டு குதிகாலையும் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உனக்கு ஏறும் பக்கத்துக் கால் குட்டை" என்றீர்கள். குதிரையின் மேல் எப்போதும் அதன் இடப்பக்கமாகத்தான் ஏறுவார்கள். ஆகவே இடது என்பது ஏறும் பக்கம், வலது என்பது ஏறாப் பக்கம். லாடம் அடிப்பவர் குதிரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பார். தன் இடது வலதை நம்பினால் கதை கந்தல். ஏறும் பக்கம் என்றால் எந்தத் திசையில் நின்றாலும் அது குதிரையின் பக்கம்தான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நோயாளியின் இடதைத் தங்கள் வலதோடு குழப்பிக்கொண்டிருந்தபோது, தாங்கள் ஒருமுறைகூடப் பக்கம் மாறியதில்லை.

முதலாண்டு முடிவில் செய்முறைத் தேர்வு. நான் மேஜையில் குப்புறப் படுத்திருந்தேன். தேர்வாளர் டாக்டர் ப்ரூவிட் நகரத்து மனிதர், கறாரானவர். தாங்கள் என் இடுப்பையும் கால்களையும் பார்த்து முடித்துத் தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். அவசரத்தில் பழைய கை பழைய சொல்லை எழுதிவிட்டது. அவர் அதை உரக்கப் படித்தார்.

"ஏறும் பக்கத்துக் கால் குட்டை. என்னம்மா இது? இங்க படுத்திருக்கிறது குதிரையா?"

அறை முழுக்கச் சிரித்தது. "இடதுன்னு அர்த்தம், சார்" என்றீர்கள். "அத இப்பத்தானே சொல்றீங்க" என்றவர் என் பக்கம் குனிந்தார். "நீதான் இவங்க ஜோடி. நீயும் மலைக்காரன்தான். இப்படி ஒரு வார்த்தை உண்டா? பழகுறப்போ இவங்க இத இடதுன்னுதான் சொல்லுவாங்களா?"

ஒரே ஒரு "ஆமா" போதுமாக இருந்தது. என் வீட்டிலும் குதிரை உண்டு. நடக்கப் பழகும்போதே அந்தச் சொல்லையும் பழகியவன் நான். ஆனால் நகரத்துப் பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் பட்டிக்காட்டான் என்பார்களே என்று வெட்கம். "தெரியாது சார்" என்றேன். சொன்னதோடு நிற்காமல் அவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன்.

தாங்கள் தேறவில்லை. ஜூலையில் மறுதேர்வு, அதிலும் தவறினால் கல்லூரியை விட்டே போக வேண்டும். மேஜையில் படுக்க ஆளையும் தாங்களே கூட்டிவர வேண்டும் என்பது விதி. விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நான் பேருந்து பிடித்துத் திரும்பி வந்தேன். "தம்பி, எனக்காகவா வந்த?" என்று தாங்கள் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேஜையில் ஏறிக் குப்புறப் படுத்தேன். முகத்தைக் காட்ட வேண்டாமே என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. தாங்கள் "இடது" என்று பெரிய எழுத்தில் எழுதித் தேறினீர்கள்.

அன்றிலிருந்து முப்பது கிறிஸ்துமஸ் விருந்துகளில், ஆப்பிள் அடுக்கு கேக்கை வெட்டும்போதெல்லாம், இதைச் சொல்லாமல் தாங்கள் விட்டதில்லை. "லீவ விட்டுட்டு ஓடி வந்து எனக்காகப் படுத்தான்யா இந்தப் புள்ள. இவன் இல்லேன்னா நான் டாக்டரே இல்ல." எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் வெட்கமில்லாமல் கேக்கை வாங்கித் தின்பேன். முதல் தேர்வில் நான் சொன்ன "தெரியாது" தங்கள் காதில் விழவில்லை, சிரிப்பில் அமுங்கிப்போயிற்று என்றே இத்தனை ஆண்டுகளும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நான் செய்தது உதவி அல்ல, அம்மையீர். செய்த தப்புக்குப் பரிகாரம் தேடி வந்தவன், அதையும் வாய் திறந்து சொல்லத் துணியாதவன். ஊரறிய வாங்கிய பாராட்டு என்பதால் ஊரறியவே சொல்கிறேன். அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். என்னை மன்னியுங்கள்.

கண்ணாடிச் சட்டம் போட்ட பிறகு எழுத்துப்பிழை தெரிந்தால் மானம் போகும் என்று ட்வைலா நேற்று இந்த மடலைத் தங்களிடமே திருத்தக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. நான் மதியம் முழுக்கத் தங்கள் அறைப் பக்கமே போகாமல் ஒளிந்து திரிந்தேன். மாலையில் மடல் திரும்பி வந்தது. இரண்டு ஒற்றுப்பிழை திருத்தியிருந்தீர்கள், "கோமகளே" என்பதன் அடியில் கோடு போட்டு "இது ரொம்ப ஓவர்" என்று எழுதியிருந்தீர்கள். கடைசியில் பென்சிலால் நாலு வரி. அதை அழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை, அப்படியே சேர்த்திருக்கிறோம்.

"தம்பி, நீ தெரியாதுன்னு சொன்னது என் காதுல நல்லாவே விழுந்துச்சு. ஜூலைல உன் முதுகுல கை வெச்சப்போ பலகை மாதிரி வெறச்சுக் கெடந்துச்சு. அது எதனாலன்னு ஒரு நிமிஷத்துல புரிஞ்சுபோச்சு. அன்னைக்கு நான் மொதல்ல கண்டுபிடிச்சது அதத்தான், பேப்பர்ல எழுதல. நான் முப்பது வருஷமா நன்றி சொன்னது நீ திரும்பி வந்ததுக்கு."

நோயற்ற உடலும், நோகாத முதுகும், தோட்டத்துத் தக்காளியும், கொல்லையில் நிற்கும் அந்தக் கிழட்டுக் குதிரையும் தங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்! ட்வைலா இன்னும் நாலு அடைமொழி வைத்திருக்கிறார். அவற்றைச் சாப்பாட்டு மேஜையில் அவரே சொல்லிக்கொள்ளட்டும். இந்தச் சட்டத்தைத் தங்கள் வீட்டில் எந்தச் சுவரில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள். தாங்கள் எந்தத் திசை பார்த்து நின்றாலும் நாங்கள் நிற்கும் இடம் தங்களுக்குத் தெரியும்.

தங்கள் ஏறும் பக்கத்தில் நிற்கும்,
டாயல் ராட்லிஃப், ட்வைலா காம்ப்ஸ்,
ஹேலர்ஸ் க்ரீக் மருத்துவமனை ஊழியர்கள் அனைவரும்