துப்பாக்கி யார் கழுத்தில் இருந்தது

இரண்டாவது குண்டு. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது. விளக்கு போய்விட்டது.

"கீழ ஓடு! கீழ ஓடு!"

ஓடுகிறோம். இன்ஜினுக்குப் பின்னால் இரும்புக் கதவு போட்ட சின்ன அறை. ஆபத்தில் ஒளிய அதுதான் இடம். தாழ்ப்பாளை நான் இழுத்தேன். நான் ராயபுரத்துக்காரன், கப்பலில் சமையல். எங்கேயோ இரண்டு நாடுகளின் சண்டை. நாங்கள் கோதுமை ஏற்றிப் போனவர்கள். எங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு பேரைக் காணவில்லை. ஒருவன் லூர்து. என் தெரு, சின்ன வயதிலிருந்து தோஸ்து. இன்னொருவர் எண்ணூர் அன்சாரி, கைக்குழந்தைக்குத் தகப்பன்.

கேப்டனே தட்டினாலும் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. அது கப்பலின் சட்டம்.

மேலே பூட்ஸ் சத்தம். புரியாத பேச்சு. பிறகு கதவில் தட்டல்.

"மாமு, நான்தான். தொற."

லூர்துவின் குரல். நடுங்குகிறது. குண்டுக்குப் பயந்து நடுங்குகிறான் என்று நினைத்தேன். பாவி, அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் ஃபிட்டர் ஆன்டனி அண்ணன், அவரும் எங்கள் தெருதான், என் சட்டையைப் பிடித்தார்.

"தொறக்காதடா."

திறந்தேன்.

லூர்து மேல் ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்குப் பின்னால் அன்சாரி மண்டியிட்டிருந்தார். ஒரு சிப்பாயின் துப்பாக்கி அவர் கழுத்தில்.

சிப்பாய்கள் எல்லோரையும் மேல்தளத்துக்கு ஓட்டினார்கள். அவர்களுடைய எதிரி நாடு போட்ட மூன்றாவது குண்டு அங்கேதான் விழுந்தது. கீழேயே இருந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஊர் வந்தோம். ஆன்டனி அண்ணன் பெட்டியில் வந்தார். தெருவெல்லாம் ஒரே பேச்சு, லூர்து காட்டிக்கொடுத்துவிட்டான் என்று. அவனை யாராவது அடித்தார்களா, அவன் மேல் துப்பாக்கி வைத்தார்களா என்று கேட்கிறார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்ணெதிரே இன்னொருத்தன் கழுத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பேசு என்றால் நீ பேசமாட்டாயா? தன் கழுத்தாக இருந்திருந்தால் லூர்து வாயே திறந்திருக்கமாட்டான். எனக்குத் தெரியும் அவனை.

முப்பதாம் நாள் பூசைக்கு லூர்து வரக்கூடாது என்று ஆன்டனி அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். அவன் சாப்பாட்டை விட்டுவிட்டான். பொறுக்க முடியாமல் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றே, அன்சாரி கழுத்தில் துப்பாக்கி இருந்ததைச் சொன்னேன். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்தது.

"கதவத் தொறந்தது யாரு?"

"நான்தான்க்கா."

"உன் கழுத்துல இன்னா இருந்துச்சு?"

ஒன்றும் இல்லை என்றேன்.

"அவரு வேணான்னாரா?"

அதை மறைத்திருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை. வேண்டாமென்றார், என் சட்டையைப் பிடித்தார் என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லூர்த வரச் சொல்லு. நீ வராத."

லூர்து போனான். நான் மாதா கோயில் கேட்டுக்கு வெளியே நின்றேன். மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

போனவை இவை. ஆன்டனி அண்ணன். இன்ஜினுக்கு எண்ணெய் போடும் பீகார்க்காரர் ரமேஷ். அன்சாரியின் வலது காது. கோதுமையோடு கப்பல். ஸ்டெல்லா அக்கா வீட்டு வாசல்.