இடது கையில் இருந்த டைல்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் சுவருக்கு இந்த வெளிர்பச்சையைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவருக்கு என் கும்பிடு. இரண்டாவது கோட்டும் அடித்திருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதியில் நிறுத்தக்கூடாது, சார். நான் செய்ததெல்லாம் அதுதான்.

பெயர் யேசுரத்தினம். வயது எழுபத்திரண்டு. குழித்துறை தந்தி ஆபீசில் முப்பத்தைந்து வருடம் தந்தி கொண்டுபோய்க் கொடுத்தவன். குறைந்தது நாலாயிரம் சாவையாவது சைக்கிளில் ஏற்றியிருப்பேன். என் மணிச்சத்தம் கேட்டாலே தெரு அழ ஆரம்பிக்கும். திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டில் நாய்கூட அழுதது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தந்தியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “சாப்பிட்டாச்சா?” என்று முதலில் கேட்பேன். இல்லை என்றால், டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவேன். செத்தவருக்கு என்ன அவசரம்? இருப்பவர்கள் ஒரு வாய் சாப்பிடட்டுமே. இதற்காக என்மேல் யாரும் புகார் கொடுத்ததில்லை. முதல் புகார் ஜிஷா கொடுத்ததுதான்.

ஜிஷா என் மருமகள். என் ஒரே மகன் சஜின் குவைத்தில் கட்டட வேலையில் இருந்தான். ஜிஷாவின் அப்பா அவளுக்குக் கொடுத்த மனையில் வீடு எழும்பியது. என்ஜினியர் யூஜினுக்கு ஒரு முறை உண்டு. டைல், கதவு, குழாய், பெயிண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தாள். வீட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பொருள் வரும். மனை அவள் பெயரில் இருந்ததால் கையெழுத்து ஜிஷாவுடையது. தேர்வு மட்டும் என்னுடையது என்று நான் நினைத்தேன். அவள் அப்படி நினைக்கவில்லை. நான் தேக்கு என்றால் அவள் ஸ்டீல் கதவு என்பாள். நான் நீலம் என்றால் வெள்ளை. ஜில்லாவிலுள்ள எல்லா டைல்ஸ் கடைகளிலும் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். எங்களைக் கண்டதும் ஷட்டரை இறக்கிய கடையும் உண்டு. வழக்கு சஜினுக்குப் போகும். அவன் எந்தப் படத்துக்கும் “ம்” என்று ஓர் எழுத்துதான் பதில் போடுவான். இரண்டு படம் அனுப்பினாலும் ஒரே “ம்”.

புது வீட்டில் குடியேறும் பால்காய்ப்புக்கு முப்பத்துமூன்று நாள் இருந்தபோது, மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் நின்றோம். என் குளியலறைக்கு டைல் பார்க்க. ஜிஷாவின் இடது கையில் நீலம், வலது கையில் வெள்ளை. அப்போது போன் அடித்தது. சஜினோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஆன்ட்ரூஸ்.

“அப்பா, சஜின் போயிட்டான். காலத்த சாரம் சரிஞ்சு விழுந்துட்டு. அப்பா, கேக்குதா?”

“கேக்குது மக்கா. பொறவு விளிக்கேன்” என்றேன்.

“யாரு மாமா?”

“இன்சூரன்ஸுக்காரன்.”

“செரி, இது ரெண்டுல எது? நீலம் கண்ண உறுத்துதுல்லா?”

“இடது கையில இருக்கது” என்றேன்.

அந்த இடத்தில் என் குரல் நடுங்கவில்லை என்று அவள் புகாரில் எழுதியிருக்கிறாள். உண்மைதான். தொழில் பழக்கம், சார்.

எங்கள் பக்கம் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் கிடையாது. கிறிஸ்தவர்களுக்கு அதெல்லாம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். வேதத்தில் இல்லை, சொந்தக்காரர் வாயில் உண்டு. வீடு அப்படியே நிற்கும். ஜிஷாவை அவள் அப்பா கூட்டிக்கொண்டு போய்விடுவார். பூசாத சுவரில் மழை இறங்கும். அதனால் முதலில் பால்காய்ப்பு, எல்லோரும் சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம் என்று முடிவு செய்தேன். அரைமணி நேரம் முப்பத்துமூன்று நாளானது, அவ்வளவுதான்.

சஜின் விட்டுப்போன ஊர் சிம் மேசைக்குள் கிடந்தது. அதைப் பழைய போனில் போட்டு, “போன் உடைஞ்சு போச்சு. புது சைட், பாலைவனம். பேச முடியாது, மெசேஜ் மட்டும்” என்று அவளுக்கு அனுப்பினேன். ஆன்ட்ரூஸைக் கூப்பிட்டு, ஜிஷாவிடம் சொல்லியாயிற்று, அவள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், விளிக்க வேண்டாம் என்றேன். அவன் நல்ல பையன். விளிக்கவில்லை.

அதன் பிறகு சஜின் நன்றாக எழுத ஆரம்பித்தான். வாஷ்பேசின் வட்டமா சதுரமா என்பதற்குப் பத்து வரி. ஜிஷா போனை என்னிடமே கொண்டுவந்து காட்டுவாள்.

“பாத்தீங்களா மாமா, கல்யாணம் கழிஞ்சு அஞ்சு வருசத்துல அவிய இம்புட்டு பேசினதில்ல.”

“பாலைவனத்துல கொண்டு விட்டா கல்லும் பேசும், மக்ளே” என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். மீதியிருந்த பதினொரு வழக்கிலும் தீர்ப்பு என் பக்கம். தேக்குக் கதவு, பித்தளைக் கைப்பிடி, எல்லாம். “ரெண்டு பேரும் சொல்லிவச்ச மாதிரியே பேசுதிய” என்றாள். நான் ரசித்தேன் என்பதை மறைக்கவில்லை.

நடுவில் ஒரு சிக்கல். உடலை ஊருக்கு அனுப்பவா, அங்கேயே அடக்கம் செய்யவா என்று கேட்டார்கள். சவப்பெட்டி வந்தால் பால்காய்ப்பு இல்லை. அங்கே அடக்கம் என்றால் மனைவியின் சம்மதக் கடிதம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு தாள்தான். அடுக்களை கிரானைட் தாளுக்கும் கேட் பெயிண்ட் தாளுக்கும் இடையில் அதை வைத்தேன். அன்று அடுக்களைப் பாத்திரங்கள் வந்து இறங்கிய நேரம். அவள் அவசரத்தில் இருந்தாள்.

“இது மட்டும் என்ன மாமா, இங்கிலீஷ்ல?”

“குவைத்துக்கு உள்ளது. சஜினுக்கு வேண்டித்தான்.”

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, கவனியுங்கள். முத்து முத்தான கையெழுத்து. இனிஷியலைக்கூட விடவில்லை. அட்டெஸ்ட் செய்த வக்கீல் என்னோடு காலையில் நடக்கிறவர். அவரும் தாளைப் படிக்கவில்லை.

அடக்கத்தை ஆன்ட்ரூஸ் வீடியோவில் காட்டினான். முகத்தைப் பார்த்தேன். தூங்குவதுபோல் இருந்தான். மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஏறி நின்றிருந்தேன். கீழே ஜிஷா பாட்டுப் பாடிக்கொண்டு ஜன்னல் துடைத்தாள். கல்லறைக்கு எந்தக் கல் என்று ஆன்ட்ரூஸ் கேட்டான். கறுப்பு கிரானைட், பாலிஷ் போட்டது என்றேன். அடுக்களையில் போட்ட அதே வகை. அதில் கறை பிடிக்காது.

பால்காய்ப்பு பிரமாதம். இரண்டாயிரம் பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்வேன். ஜிஷா இருநூறு என்பாள். போதகர் தூர தேசத்தில் இருக்கும் சஜினின் சுகத்துக்காக ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், நானும் சொன்னேன். பந்தி முடிந்ததும் சொல்லத்தான் இருந்தேன். ஜிஷா பாயசம் கொண்டுவந்து தந்தாள். பிறகு நாள் போய்க்கொண்டே இருந்தது. தோட்டத்துக்கு என்ன புல், திரைச்சீலைக்கு என்ன நிறம் என்று சஜினுக்கும் வேலை இருந்துகொண்டே இருந்தது.

போன வாரம் ஆன்ட்ரூஸ் லீவில் வந்தான். ஆறுதல் சொல்ல, சஜினின் சாமான் பெட்டியோடு நேராக வீட்டுக்கு வந்துவிட்டான். ஜிஷா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்திருக்கிறாள். நான் கடையிலிருந்து திரும்பியபோது அவன் போய்விட்டிருந்தான். சம்மதக் கடிதத்தின் நகலும் பெட்டிக்குள் இருந்ததாம்.

அவள் வாசல் சிட்அவுட்டில் போனோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் ஏதோ டைப் செய்தாள். என் சட்டைப் பைக்குள் அந்தப் பழைய போனில் மணி அடித்தது. எங்களுக்கிடையே பத்தடிகூட இல்லை.

“என்னை ஏன் ஒரு தடவ முகம் பாக்க விடல?” என்று வந்திருந்தது.

உங்கள் எஸ்.ஐ. அம்மாவும் இதையேதான் கேட்டார். நான் என் அறையைக் காப்பாற்றச் செய்தேன் என்று ஜிஷா எழுதியிருக்கிறாள். மகன் இல்லாத வீட்டில் மாமனாருக்கு ஏது இடம் என்று நான் பயந்தேனாம். அது தவறு. சாவுச் செய்தி வந்த அன்றைக்கு என் அறை முடிந்திருக்கவே இல்லை. குளியலறைக்கு டைல்தான் பாக்கி இருந்தது.

அவள் மெசேஜுக்கு நான் கண்ணாடியை எடுத்து மாட்டி, சஜினாகவே நிதானமாகப் பதில் எழுதினேன்: “அப்பாவைக் குறை சொல்லாதே. உனக்காகத்தான் செய்தார். ஒரு வாய் சாப்பிடு.”

அவள் வாசித்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து செருப்புகூடப் போடாமல் உங்கள் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

சாவை மறைத்தேன், கையெழுத்தை ஏமாற்றி வாங்கினேன், அவள் புருஷனை அவள் பார்க்காமலே புதைக்க வைத்தேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைசி மெசேஜை மட்டும் பொய் என்று எழுதாதீர்கள், சார். சஜின் இருந்திருந்தால் அதையேதான் எழுதியிருப்பான்.