ஒரே மாதிரியான நாளைகள்

நான் நடந்துகொண்டே பேசினால் உங்களுக்கு இடைஞ்சலாக இருக்குமா ஐயா? உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுத்த காலத்திலிருந்தே அப்படித்தான். கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நடந்துகொண்டேயிருப்பேன். மாணவர்கள் கழுத்து வலிக்கிறது என்று முனகுவார்கள். உங்கள் எழுத்தர் வேகமாகத் தட்டச்சு செய்கிறார், அது நல்லது. இழுத்தடிக்காமல் வாக்குமூலத்தைச் சொல்லி முடித்துவிடலாம்.

பெயர் ஓடில்யா மன்ரிகே. ஆற்று எச்சரிக்கை அலுவலகத்தில் புள்ளியியலாளர். இந்த மலைப் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டை மாட்டியவர்களையெல்லாம் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் நிஜமாகவே முனைவர் பட்டம் வாங்கியவள் என்பது யாருக்கும் ஒரு பொருட்டில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை.

வேலை என்னவென்று கேட்டீர்கள். தினமும் காலையில் எங்கள் கணினி பத்தாயிரம் நாளைகளைத் தயாரிக்கும். ஒவ்வொரு வரியும் நடக்கக்கூடிய ஒரு நாளை, அதாவது அந்தக் காலையிலிருந்து அடுத்த இருபத்துநான்கு மணி நேரம். அதில் எவ்வளவு மழை, டுராஸ்னோ ஆற்றில் எவ்வளவு தண்ணீர், மலைச்சரிவு எவ்வளவு ஊறியிருக்கிறது என்றெல்லாம் இருக்கும். சில வரிகளில் மழையால் ஆறு கரை தாண்டும். சில வரிகளில் சரிவு இடிந்து ஆற்றை அடைத்து, பிறகு உடைத்துக்கொண்டு வரும். இந்த இரண்டு கூட்டத்தையும் கணினி நிரல் ஒன்றாகச் சேர்க்கும். இரண்டும் நடக்கிற வரியை ஒரு முறைதான் எண்ண வேண்டும். பள்ளிக்கூடத்தில் கணங்களின் சேர்ப்பு என்று படித்திருப்பீர்களே, அதேதான். சேர்த்து வந்ததைப் பத்தாயிரத்தால் வகுத்தால் நிகழ்தகவு. இருபது சதவீதத்தைத் தாண்டினால் ஆற்றோரம் இருக்கிற எல் ரெமான்சோ ஊரில் சைரன் ஊதுவோம். தாண்டாவிட்டால் வானொலிக்காரர் காலைச் செய்தியில் எண்ணைப் படிப்பார், ஜனங்கள் கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

மே மாதம் ஒரு முறை ஊதினேன். அன்றைய எண் இருபத்தாறு. ஊரே மேட்டில் இருக்கிற தேவாலயத்துக்கு ஓடியது. மழை கொட்டிவிட்டு நின்றுபோனது, ஆறு வரவில்லை. திரும்பிப் போனபோது பல வீடுகளில் பூட்டு உடைந்திருந்தது, மாடு கன்றுகளை யாரோ ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் சைரனைச் சோதிக்க அங்கே போனேன். மெல்பா என்ற பெண்மணி பாலத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தார். வாசலில் பத்துப் பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க டாக்டரம்மா," என்றார் மெல்பா. "இன்னைக்கு எத்தன சதவீதம் குடை எடுத்துக்கணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் பொறுமையாகத்தான் சொன்னேன்: "இருபத்தாறுன்னா நாலுல மூணு தடவ ஒண்ணும் நடக்காதுன்னு அர்த்தம்மா."

"அப்போ அந்த மூணு தடவ எங்களை எதுக்கு ஓட விடுறீங்க?"

ஒரு கிழவர் பின்னாலிருந்து, "என் பசுமாட்ட எவனோ பிடிச்சுட்டுப் போயிட்டான். ராத்திரிக்கு உங்க சதவீதத்தக் கறந்தா குடிக்கிறது?" என்றார். மறுபடி சிரிப்பு.

அதில் தப்பு எதுவும் இல்லை, சிரிக்கட்டும். ஆனால் அன்றிலிருந்து என் கால் ஒரு இடத்தில் நிற்பதில்லை. மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டேயிருக்கும். சாப்பிடும்போது, பல் தேய்க்கும்போது, அந்தச் சிரிப்பு காதில் விழுந்துகொண்டேயிருக்கும். அவமானம்தான் ஐயா, வேறு பெயர் வைக்க வேண்டாம். எங்கள் இயக்குநர் வேறு, "இன்னொரு தடவ சும்மா ஊதினோம்னா சைரனையும் கழட்டுவாங்க, நம்மளையும் கழட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

யுராணி கிஞ்சியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த நிரலை எழுதியவள் அவள். கடற்கரை ஊர்க்காரி, சத்தமாகப் பேசுவாள். அரெப்பா என்கிற முட்டை வைத்த சோள ரொட்டியை மேஜையிலேயே வைத்துத் தின்று விசைப்பலகையெல்லாம் எண்ணெய் ஆக்குவாள். என்னிடம் படித்தவள், அதனால் கடைசிவரை டீச்சர் என்றே கூப்பிட்டாள். கெட்டிக்காரி. ஒரே குறை, எதையும் அழகாக அடுக்கி வைக்க வேண்டும் அவளுக்கு.

நவம்பரில் மழை பிடித்தது. விடாத மழை. ஒன்பது என்று இருந்த எண் மறுநாள் ஐந்தானது. புதன்கிழமை காலையில் இரண்டு. யுராணி திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"டீச்சர், மழை ஏறுது, நம்பர் எறங்குது. இது என்ன கூத்து?"

"மழை நகருதோ என்னவோ."

"நகரல. ஜன்னலப் பாருங்க. நிரல்ல எங்கயோ ஓட்ட இருக்கு. நீங்க அதப் பிரிச்சுப் பாருங்க டீச்சர், நான் பாலத்துக்குப் போயி அளவுகோல கண்ணால பாத்துட்டு வரேன்."

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்விட்டாள். அலுவலகத்தில் நான் மட்டும்தான்.

நிரலில் தப்பு கண்டுபிடிப்பது எனக்குப் பிடித்த வேலை. மனசு அடங்குவது அதில் மட்டும்தான். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, எல்லா வரியும் ஒழுங்காக ஓடியது. ஒவ்வொரு படியிலும் எத்தனை வரி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். மழையால் கரை தாண்டுகிற நாளைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சரிவு இடிகிற நாளைகளும் அப்படியே. இரண்டையும் சேர்த்ததும் இருநூறு சொச்சம்தான் மிஞ்சியது. சேர்த்தால் கூட வேண்டியது குறைந்திருந்தது.

நிரலின் உச்சியில் நாங்கள் பயன்படுத்துகிற பேக்கேஜ்களை, அதாவது ஆயத்தக் கட்டளைத் தொகுப்புகளை, கூப்பிடும் வரிகள் இருக்கும். அவற்றில் இரண்டில் சேர்ப்புக்கான கட்டளை ஒரே பெயரில் இருக்கிறது. எது கடைசியில் ஏறுகிறதோ அது முன்னதை மூடிவிடும். மூடிவிட்டேன் என்று சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பும் காட்டும். எங்கள் தொழிலில் அந்தக் குறிப்பை யாரும் படிப்பதில்லை, மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிற காகிதத்தை யாரும் படிக்காத மாதிரி. போன வாரம் யுராணி அந்த வரிகளை அகர வரிசையில் அழகாக அடுக்கிவிட்டாள். அதில் இரண்டும் இடம் மாறிவிட்டன.

சரியான கட்டளை ஒவ்வொரு நாளையின் வரிசை எண்ணையும் பார்க்கும். தப்பான கட்டளை உள்ளே இருப்பதை மட்டும் பார்க்கும். இரண்டு நாளைகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிடும். சாதாரண நாளைகளில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் ஆற்றில் நட்ட அளவுகோலுக்கு ஒரு நுனி இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டினால் எவ்வளவு தாண்டினாலும் கணினி நுனி என்றே எழுதும். மழைமானியும் சரிவின் ஈரமானியும் அப்படித்தான். ஆகவே மோசமான நாளைகள் எல்லாம் அச்சில் வார்த்தது போல ஒன்றாகிவிடும். ஆயிரம் மோசமான நாளைகள் ஒரே ஒரு நாளையாகிவிடும். மழை கூடக் கூட எண் இறங்கியது அதனால்தான். எவ்வளவு நேர்த்தியான பிழை என்று நீங்கள் கவனிக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

இரண்டு வரிகளையும் பழையபடி இடம் மாற்றி ஓட்டினேன். முப்பத்துநான்கு வந்தது.

எழுந்து நடந்தேன். காப்பி போட்டேன், குடிக்கவில்லை. முப்பத்துநான்கு என்றால் என்ன? நூற்றில் அறுபத்தாறு தடவை ஒன்றும் நடக்காது. மூன்றில் இரண்டு பங்கு என் பக்கம். நான் ஊதினால் அவர்கள் ஓடுவார்கள், திரும்பி வருவார்கள், வீடு திருட்டுப் போயிருக்கும், மெல்பா கடை வாசலில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அதற்குப் பிறகு சைரனைக் கழற்றிவிடுவார்கள். நிஜமாக ஆறு வருகிற வருஷம் ஊதுவதற்கு ஒன்றும் இருக்காது. அவர்களுக்காகத்தான் யோசித்தேன் என்று நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கையைச் சேமித்து வைத்தேன், அவ்வளவுதான்.

வரிகளை மறுபடி அகர வரிசைக்குக் கொண்டுவந்தேன். ஓட்டினேன். இரண்டு வந்தது. வானொலி நிலையத்துக்கு இரண்டு என்று அனுப்பினேன். பொய் எண் எதையும் நான் கையால் எழுதவில்லை. கணினி கொடுத்த எண்ணைத்தான் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் யுராணி பாலத்திலிருந்து அழைத்தாள். ஆற்றின் இரைச்சலில் அவள் கத்த வேண்டியிருந்தது.

"டீச்சர், கேக்குதா? அளவுகோலே தெரியல, தண்ணி முழுங்கிடுச்சு. ஓட்ட எங்கன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"எல்லாத்தையும் பாத்துட்டேன். நிரல்ல ஒண்ணுமில்ல."

"நெசமாவா?"

"வரி வரியாப் பாத்தேன். மழை மேக்க நகருது, அதான் எறங்குது."

 பக்கத்தில் யாரோ ஏதோ கேட்பது கேட்டது.

"மெல்பாக்கா கேக்குறாங்க டீச்சர். பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பலாமான்னு. ஸ்கூலு ஆத்தோரமா இருக்குல்ல."

"அனுப்பச் சொல்லு."

"நீங்க பாத்துட்டீங்கன்னா சரிதான்," என்றாள். அவள் குரலிலிருந்து பாரம் இறங்கியது தெரிந்தது. "நான் என்னமோன்னு நெனச்சுப் பயந்துட்டேன். இங்கயே ஒரு அரெப்பா தின்னுட்டு வரேன். உங்களுக்கு ஒண்ணு கட்டிட்டு வரட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

மத்தியானத்துக்கு முன்னால் சரிவு இடிந்தது. மீதி உங்கள் கோப்பில் இருக்கிறது. பாலம், கடை, பள்ளிக்கூடம். யுராணியின் மோட்டார் சைக்கிளை வெகு தூரத்தில் கண்டெடுத்தார்கள், அவளை அதற்குப் பிறகுதான். பத்திரிகையில் போட்ட எண்ணிக்கை தப்பாக இருந்தது. ஒரே பெயரில் இருந்த இரண்டு மாணவர்களை ஒருவராக எண்ணிவிட்டார்கள். நான் அழைத்துத் திருத்தினேன். அப்படிப்பட்ட பிழையைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

உங்களுக்கு முன்னால் விசாரணைக் குழு வந்தபோது அகர வரிசையைக் காட்டினேன். உண்மைதானே, அடுக்கியது யுராணிதான். பாவம், சின்னக் கவனக்குறைவு என்று எல்லாரும் தலையாட்டினார்கள். செத்தவளுக்கு இனி வேலை போகப் போவதில்லை. அதையும் யோசித்துத்தான் சொன்னேன். அவள் அம்மாவுக்கு இரங்கல் கடிதம்கூட எழுதினேன், நல்ல மாணவி என்று.

ஆனால் கணினி ஒவ்வொரு ஓட்டத்தையும் குறித்து வைத்திருக்கிறது என்கிறீர்கள். அன்று காலை இரண்டு, முப்பத்துநான்கு, மறுபடி இரண்டு. சரி. நடுவில் இருப்பதை நான்தான் ஓட்டினேன். பிழை எங்கே என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பழையபடி வைத்தேன். தெரிந்தேதான் யுராணியிடம் ஒன்றுமில்லை என்றேன். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமலிருந்தால் அவள் ஊரைக் கிளப்பியிருப்பாள். சைரன்கூடத் தேவையில்லை, அவள் தொண்டையே போதும். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஆறு வரும் என்று தெரிந்து செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அது நியாயமில்லை. வராது என்று முழு மனசோடு நம்பினேன். மூன்றில் இரண்டு பங்கு ஐயா. நீங்களே என் இடத்தில் இருந்தாலும் நம்பியிருப்பீர்கள்.

இன்னொன்று கேட்டீர்கள். வானொலிக்கு எண்ணை அனுப்பிய கையோடு என் கைபேசியிலிருந்து எல் ரெமான்சோவுக்கு ஒரு அழைப்பு போயிருக்கிறது என்றீர்கள். அது என் தங்கை நொயெமி. பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெருவில் இருந்தாள். அம்மா போன பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அன்றைக்கு ஏனோ பார்க்க வேண்டும் போல இருந்தது. சான்கோச்சோ சூப் வைக்கிறேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் ஜீப்பில் ஏறி வா என்றேன். "இன்னைக்கு ஸ்கூல் இருக்கேக்கா" என்றாள். ஒரு நாள் போகாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்றேன். வரும்போது வீட்டுப் பத்திரத்தையும் நாயையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். எழுத்தர் ஏன் நிறுத்திவிட்டார்? இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை ஐயா. ஒரு அக்கா தங்கையைச் சாப்பிடக் கூப்பிட்டாள், அவ்வளவுதான். அதையெல்லாம் எழுத வேண்டியதில்லை.