முன் வரிசைப் பொண்ணைத் தூக்கிடுங்க

அந்தப் பொண்ணைத்தான்... முன் வரிசையில புஸ்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு சிரிக்குது பாருங்க, அதைப் படத்துலேர்ந்து தூக்கிடுங்க. அச்சடிச்ச உங்களுக்குத் தூக்கத் தெரியாதா தம்பி? நாளைக்குக் காலைல எங்க காலேஜுக்கு நிதி குடுக்குற அம்மா வர்றாங்க. நம்ம சேர்க்கைப் புஸ்தகத்து அட்டைப்படத்துல இருக்குற பொண்ணைப் பாக்கணுமாம். வேற வேலையே இல்ல அவங்களுக்கு! படம் தப்பா அச்சாயிடுச்சுன்னு புது அட்டையைக் கையில குடுத்துடுவேன்.

பாத்துட்டுப் போகட்டுமேங்குறீங்களா? அது எங்க ஸ்டூடண்டே இல்லைங்க! எங்க வாட்ச்மேன் பொண்ணு. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டாந்துச்சு, இப்படி வா, சிரின்னேன். சிரிச்சுது.

கலை நிர்வாகம்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? நாடகம் ஆடுறது இல்ல. அரங்கம் பிடிக்கிறது, டிக்கெட் விக்கிறது, கண்காட்சி நடத்துறது... அந்தப் படிப்புக்கு நான்தான் தலைமை. இப்போ எல்லாத் தரப்புப் பிள்ளைங்களையும் சேக்கணுமாம், சேத்தாத்தான் நிதியாம். குறை இருந்தா கூப்பிடுங்கன்னு அட்டைக்குப் பின்னால அந்தம்மா நம்பரை வேற போடச் சொன்னாங்க. போட்டேன். நான் என்ன கதவைப் பூட்டிக்கிட்டா உக்காந்திருக்கேன்? வரமாட்டேங்குறாங்க!

இந்த வாட்ச்மேன் பொண்ணு ஒண்ணு வந்துச்சு, சரி. படத்துல நின்னதும் தலைகால் புரியல. நேர்முகத் தேர்வுக்கே வந்து நிக்குது! எல்லாரையும் கேக்குறதைத்தான் கேட்டேன். வீட்டுல யாரு கலைத்துறையில இருக்காங்க, கடைசியா எந்தக் கண்காட்சிக்குப் போனே... என்னோட கேள்விங்க, வருஷா வருஷம் இதான். "அப்பாவோட போனேன் மேடம், அவரு வாசல்ல காவல், என்னை உள்ள விடல"ங்குது. இதுக்கு எப்படி மார்க் போடுறது, சொல்லுங்க! சீட்டு இல்லைன்னு அனுப்பிட்டேன்.

எடுத்தாச்சா? அந்தச் சக்கர நாற்காலிக்காரரையும் எடுங்க, அவரு பக்கத்து பேங்க்ல வேலை பாக்குறவரு. பின்னால தலையில துணி கட்டின அம்மா... கேன்டீன்ல பாத்திரம் கழுவுறவங்க, எடுங்க.

இப்போ காட்டுங்க. ம்... இது என் பொண்ணு. இது என் தங்கச்சி பையன். இவன் பிரின்சிபாலோட மச்சான் மகன். அது எங்க மாமியார் வழியில... என்ன சிரிப்பு? திறமைக்குத்தான் சீட்டு! ஆனா... அய்யய்யோ, கல்யாண ஆல்பம் மாதிரில்ல இருக்கு! மேல வேற "எல்லோருக்கும் இடமுண்டு"ன்னு கொட்டை எழுத்துல!

வேணாம், மூணு பேரையும் திரும்பப் போட்டுடுங்க. சீட்டெல்லாம் குடுக்க முடியாது, படத்துல இருந்துட்டுப் போகட்டும். நாளைக்கு ஒரு மணி நேரம் அந்தப் பொண்ணு கிளாஸ்ல வந்து உக்காந்தாப் போதும். காலைலேர்ந்து கூப்பிடுறேன், போனை எடுக்கமாட்டேங்குது. திமிரு! அவங்கப்பனும் இன்னிக்கு லீவு. உங்க போன்லேர்ந்து அடிங்களேன், தெரியாத நம்பர்னா எடுக்கும். நான் இங்க இருக்கேன்னு சொல்லிடாதீங்க.

ரிங் போகுதா? எடுத்துட்டாளா? என்ன சொல்றா?... வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்களா? யாராம்?... நிதி குடுக்குற அம்மாவா? இப்பவா?... அட்டைக்குப் பின்னால இருந்த நம்பரைப் பாத்து இவளே கூப்பிட்டாளாமா?

என்ன... போன் கை மாறுதா? அந்தம்மாவே பேசுறாங்களா? என்கிட்ட ஏன் நீட்டுறீங்க? நான் இங்க இல்ல தம்பி... நான் இல்லைன்னு சொல்லுங்க!