குமிழ் மாட்ட இடமில்லாத வண்டி

மைக்கோடு மல்லுக்கட்டி, கடைசியில் மைக் இல்லாமலே முழங்கி என்னை மேடைக்கு அழைத்த சங்கத் தலைவர் அவர்களே! கவிழ்ந்த லாரியைக் கண்டு கலங்காத, கூட்டத்தைக் கண்டால் மட்டும் கலங்குகிற மீட்பு வண்டி ஓட்டுநர்களே! சேற்றில் படுத்துச் சங்கிலி மாட்டும் கொக்கிக்காரர்களே! பட்டறைப் பெரியவர்களே! எல்லோருக்கும் மேலாக, வீட்டுக்காரரின் இடது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை சிவந்த தாய்மார்களே! உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் பள்ளிக்கூடம் எனக்குப் பழக்கமில்லை. ஆகவே என் பேச்சு எங்காவது பள்ளத்தில் இறங்கினால் பயப்பட மாட்டேன். இழுத்து மேலே ஏற்றுகிறவர்கள் இத்தனை பேர் எதிரில் இருக்கிறீர்களே!

சற்றுமுன் தலைவர் ஒரு கண்ணாடிப் பெட்டியை என் கையில் கொடுத்தார். உள்ளே இருப்பது என் வீட்டுக்காரரின் வண்டியில் இருந்த கியர் குமிழ். பிடித்துப் பிடித்து எண்கள் அழிந்துபோன குமிழ். அவர் போனார்; அவர் பின்னாலேயே அந்த வண்டியும் படுத்துவிட்டது. சங்கம் புது வண்டி வாங்கப்போகிறது. "கியர் வண்டியாகவே வாங்குவோம், அதில் இந்தக் குமிழை மாட்டுவோம், அண்ணன் கையே ஓட்டுவதுபோல் இருக்கும்" என்றார் தலைவர். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அழுதேன். இப்போது கண்ணைத் துடைத்துவிட்டேன். துடைத்த கண்ணோடு சொல்கிறேன்: கியர் வண்டி வேண்டாம். கிளட்ச்சே இல்லாத ஆட்டோ கியர் வண்டி வாங்குங்கள்.

என்ன, தட்டிய கையெல்லாம் பாதியில் நிற்கிறது? இன்ஜின் நின்றுவிட்டதா?

என் வீட்டுக்காரருக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் 'முதல் கியர்'. எவ்வளவு சுமையானாலும் அவசரப்படாமல், குலுக்காமல் கிளப்புவார் என்பதால் வைத்தது. ஆட்டோ கியரை அவரைப்போல் கிண்டல் செய்தவர் உண்டா? "அது வண்டியா? தொட்டில்! உள்ள உக்காந்தா தூக்கம்தான் வரும்" என்பார். அப்படிப்பட்டவரின் மனைவி மாற்றிப் பேசலாமா? பேசலாம். ஏனென்றால் நீங்கள் பார்த்தது வண்டியை. நான் இருந்தது வண்டிக்குள்ளே!

போன ஆண்டு வளைவு மேட்டில், சிமெண்ட் ஏற்றிய லாரி ஓடையில் இறங்கியது நினைவிருக்கிறதா? சாலையில் நின்று பார்த்தீர்கள். லாரி மேலே வந்ததும், "அண்ணன் காலா அது, பூ!" என்றீர்கள். அந்தப் பூ உள்ளே என்ன பாடுபட்டது தெரியுமா? எப்போதும்போல் துணைக்குப் போய்ப் பக்கத்து இருக்கையில் நான். கிளட்ச்சில் கால் வைத்தவர் அழுத்த முடியாமல் திணறினார்.

"என்னங்க, கால் போகலையா?"

"காலு போகுது. முட்டிதான் வரமாட்டேங்குது."

"ரெண்டும் வேற வேற ஆளா?"

"ஆராய்ச்சி அப்புறம் பண்ணு தாயே! கியரைப் போடு, வண்டி பின்னால போகுது!"

இடது கையால் முழங்காலை அழுத்தினார், கிளட்ச் இறங்கியது. வலது கை ஸ்டியரிங்கில். அப்படியானால் கியர் போட்டது யார் கை?

இந்தக் கை!

அன்று முதல் அவர் "ம்" என்பார், நான் போடுவேன். காலை அழுத்தியது அவர் கை, கியரை மாற்றியது என் கை. நீங்கள் ஓர் ஓட்டுநரைப் பாராட்டினீர்கள். ஓட்டியது ஒன்றரை ஆள். யார் ஒன்று, யார் அரை என்பது மட்டும் எங்கள் வீட்டில் கடைசிவரை முடிவாகவில்லை.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அன்று வண்டி பின்னால் உருண்டதே, அப்போது பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்திருந்தவர் யார்? அதோ, மூன்றாவது வரிசையில், மீசைக்காரர். எழுந்திருங்கள் தம்பி. பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு காலும் இருக்கிறது! எகிறிக் குதித்ததால் இருக்கிறது. அன்று இரவு என் வீட்டுக்காரர் சோறு சாப்பிடவில்லை. "பசங்ககிட்ட முட்டி வலின்னு சொல்லிடுங்களேன்" என்றேன். "சொன்னா சிரிப்பானுங்கடி" என்றார். இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்ச் மிதிக்கிறீர்கள்? தைலம் தடவாத இடது முழங்கால் இந்த அரங்கத்தில் யாருக்கு இருக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம்!

ஒரு கை தெரிகிறதே... அடடே, டீ கொடுக்க வந்தவரா? நீங்கள் இறக்குங்கள் ஐயா.

பட்டறை அண்ணன் அங்கிருந்து கத்துகிறார்: "இறக்கத்துல ஆட்டோ கியரு கைய விட்டுடும்மா!" நியாயமான கவலை. பழைய வண்டிகளில் அந்தப் பயம் இருந்தது. இப்போது வருகிற வண்டியில், இறக்கத்தில் கியர் மேலே ஏறாமல் நாமே பிடித்து நிறுத்தலாம். இன்ஜினே வேகத்தை அடக்கும். இன்னொன்றும் நானே சொல்லிவிடுகிறேன். பாரம் இழுத்தால் அதன் கியர் ஆயில் சூடேறும். சூடு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கெட்டுப்போனால் நடுரோட்டில் கம்பி கட்டி ஓட்ட முடியாது. மீட்பு வண்டியை மீட்க இன்னொரு மீட்பு வண்டி வேண்டும். அந்தக் கேவலம் ஒருநாள் நமக்கும் வரலாம். வரட்டும் அண்ணே! வண்டி கெட்டால் பாகம் கிடைக்கும். கால் போனால்?

சோதனைக்கு வந்த ஆட்டோ கியர் வண்டியைப் போன வாரம் ஓட்டிப் பார்த்தது யார்? நான்தான். அவர் இருக்கும்போதே பெரிய வண்டி உரிமம் எடுத்தவள் நான். கிளட்ச் மிதிக்கத் தெரியாமல் இதைப் பேசவில்லை. நம் யார்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில், படுத்துவிட்ட அவர் வண்டியையே கொக்கியில் மாட்டினோம். நடு ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. மெல்ல மிதித்தேன். ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் அவர் வண்டி பின்னாலேயே வருகிறது, ஓட்டுநர் இருக்கை காலியாக. "ம்" என்று சொல்ல ஆளில்லை. என் இடது கால் சும்மா இருந்தது. பக்கத்து இருக்கையிலிருந்து கியர் போட்டுப் பழகிய வலது கை தானாகக் குமிழைத் தேடியது. அங்கே ஒன்றுமில்லை, பொத்தான்கள்தான். மேலே போய் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் ஐயா.

தலைவர் எனக்கு ஆபீசில் போன் எடுக்கும் வேலை தருவதாகச் சொன்னார். அன்புக்கு நன்றி தலைவரே. ஆனால் போன் வந்ததும் கிளம்புகிற வேலைதான் எனக்குப் பழக்கம். புது வண்டியில் எனக்கு ஓட்டுநர் இருக்கை கொடுங்கள். பக்கத்து இருக்கையில் அந்த மீசைக்காரர் வரட்டும். இனி கட்டையைத் தூக்கிக்கொண்டு குதிக்க வேண்டாம்.

என்ன தலைவரே? "அப்ப குமிழ என்ன பண்றது?" என்கிறீர்களா? வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். தைலப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பேன். அவருக்கு மரியாதை செய்ய ஆசையா? இந்தக் குமிழ் மாட்ட இடமில்லாத வண்டியை வாங்குங்கள். அவர் கேட்க வெட்கப்பட்டதை அவருக்காக நாம் கேட்போம்!

சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள். வலிக்கிற காலைக் கேட்கவில்லை, வலிக்காத கையைத்தான் கேட்கிறேன்... அங்கே ஒன்று... இங்கே... தாய்மார்கள் பக்கம் முழுக்க... பட்டறை அண்ணே, நீங்களுமா! தலைவரே, எண்ண வேண்டாம், கண்ணுக்கே தெரிகிறது.

உட்கார்ந்தபடி கை தூக்கியவர்களுக்கு நன்றி. உற்சாகத்தில் எழுந்து நின்று தூக்கிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார வழி தேடுகிறவர்களுக்கு இரட்டை நன்றி. மெதுவாக உட்காருங்கள். வணக்கம்.