கிடங்குச் சுவரில் விழுந்த சிவப்பு வெளிச்சம் பற்றி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகுக் கிடங்குக்கு எதிர் மாடியில் குடியிருக்கும் முகைதீன் பிச்சை மகள் ஆரிஃபா, வயது பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு, 1984 பிப்ரவரி 11ஆம் தேதி இரவு எழுதுவது. நேற்று அத்தா சொன்னதை போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் கல்யாணராமன் சார் தமிழில் எழுதிக்கொண்டார். அவர் படிப்பார் என்று நானும் தமிழில் எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

என் அம்மா சகீலாவுக்கு ஆறு வருடம் முன்பு காய்ச்சலில் காது போய்விட்டது. களமசேரியில் பௌதிகம் படிக்கும் என் அண்ணன் நஜ்முதீன், சென்ற மாதம் அவருடைய ஆசிரியர் கொடுத்த சிவப்பு வெளிச்சம் விடும் பழைய லேசர் குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு பால் பவுடர் டின்னை இரு பக்கமும் வெட்டி, ஒரு பக்கம் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன்மேல் நகம் அளவு கண்ணாடித் துண்டை ஒட்டினார். டின்னுக்குள் பேசினால் கண்ணாடி அதிர்ந்து, அதில் பட்ட வெளிச்சம் சுவரில் வளைந்து வளைந்து கோடு போடும். நான் "அம்மா" என்றேன். அம்மா சுவரைத் தொட்டுப் பார்த்து, "எடீ, நீ பேசினா முறுக்கு பிழியற மாதிரியில்ல இருக்கு" என்று சிரித்தார்.

எங்கள் சுவர் பச்சை, கோடு மங்கலாகத் தெரிந்தது. அதனால் ஜன்னல் வழியாகக் கிடங்கின் வெள்ளைச் சுவருக்குத் திருப்பியது நான்.

பத்தாம் தேதி கிடங்குப் படகுத்துறையில் கடத்தி வந்த கடிகாரங்களைப் பிடித்தீர்கள். தினமும் ஏழே முக்காலுக்கு வெளிச்சம் மறைந்து மறுபடி வந்தது படகுக்குக் காட்டிய அடையாளம் என்கிறீர்கள். அது இஷா தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரம். "பாங்கு சொல்றப்ப கூத்து வேண்டாம். எனக்குக் கேக்காது, நீ மூடு" என்று அம்மா சொல்லியிருந்தார். நான் உள்ளங்கையால் கண்ணாடியை மறைப்பேன். அதைப் பார்த்து அம்மா முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வார். கையை எடுக்கும்வரை இறக்கமாட்டார்.

அதன் பிறகு நீங்கள் வீட்டுக்கு வந்து, யார் மறைத்தது என்று கேட்டபோது அம்மா வெளியே போயிருந்தார், நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். "நான்தான் சார், வேற யாரும் தொடல" என்றார் அண்ணன். என் பக்கம் திரும்பவில்லை. நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு, குழாயையும் டின்னையும் எடுத்துப்போன பிறகு அத்தா, "பொட்டப்புள்ள பேரு ஸ்டேஷன்ல ஏறப்படாது" என்றார்.

இன்று பாங்கு கேட்டதும் அம்மாவுக்கு முன் வெறுங்கையை விரித்துக் காட்டினேன். தலையில் துணி போட்டுக்கொண்டு, "நஜ்மு எங்கடீ?" என்றார். காலேஜில் என்று சைகை காட்டினேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மறைத்த கை என்னுடையது. கூப்பிட்டால் வருவேன், பயமாக இருந்தாலும் வருவேன். அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இதில் ஒரு வரியும் யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. நடந்ததை நடந்தபடி எழுதி, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். அண்ணன் கையில் மட்டும் இதைக் கொடுக்க வேண்டாம், கிழித்துவிடுவார்.

மு. ஆரிஃபா